ஐநூற்று நாலு ரூபாய் யாருடையது?

நீங்கள் புனேயிலிருந்தோ கோவையிலிருந்தோ ஒரு மெஷினை ரிப்பேர் பார்க்க ஒரகடம் வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் இடமில்லை. சுங்குவார்சத்திரத்தில் பெங்களூர் ரோட்டை ஒட்டி ஒரு லாட்ஜில் ரூம் எடுக்கிறீர்கள். நாள் வாடகை 1,800 ரூபாய். நாலு ராத்திரி. கிளம்பும்போது பில் வருகிறது: வாடகை 7,200, ஜி.எஸ்.டி. 12 சதவீதம் 864.

இதில் என்ன தப்பு? 2025 செப்டம்பர் 22-லிருந்து, நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு வரி 5 சதவீதம்தான். 360 ரூபாய் வாங்கவேண்டிய இடத்தில் 864 வாங்கியிருக்கிறார்கள். 504 ரூபாய் அதிகம். கேட்டால், கவுண்டரில் இருக்கிற பையன் உங்களைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "சிஸ்டம்ல அப்படித்தான் சார் வருது" என்பான்.

அந்த சிஸ்டம் என்கிற ஆசாமியை நான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். எல்லாத் தப்புக்கும் அவர்தான் பொறுப்பு. ஒரு நாளும் ஆபீசுக்கு வந்ததில்லை.

முதலில் லாட்ஜ்காரருக்காகக் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். இந்த வரி நிலையாக ஓரிடத்தில் நின்றதே கிடையாது. 2017 ஜூலைக்கு முன்னால் மாநிலத்தின் சொகுசு வரி. ஜி.எஸ்.டி. வந்தபோது ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரியே இல்லை. அதற்கு மேலே 12, 18, 28 என்று படிக்கட்டு. 2019 அக்டோபரில் படிக்கட்டைச் சுருக்கினார்கள். 2022 ஜூலை 18-ல் ஆயிரம் ரூபாய்ச் சலுகையை எடுத்துவிட்டு, எண்ணூறு ரூபாய் ரூமுக்கும் 12 சதவீதம் என்றார்கள். அப்புறம் 5.

ஆரம்பத்தில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. 2018 ஜூலை 26 வரை வரி விகிதத்தைத் தீர்மானித்தது நீங்கள் கொடுத்த வாடகை இல்லை, போர்டில் எழுதியிருந்த வாடகை. போர்டில் 2,600, பேரம் பேசி 2,200-க்கு எடுத்தீர்கள் என்றால், 12 சதவீதம் இல்லை, 18. ஒருவரும் கொடுக்காத விலை உங்கள் வரியை நிர்ணயித்தது. நியாயமாக நடக்கிறோம் என்று நினைத்து 12 போட்ட லாட்ஜ்காரர் சட்டப்படி குற்றவாளி. சட்டப்படி சரி என்பதும் நியாயம் என்பதும் பல நேரம் ஒரே பஸ்ஸில் வருவதில்லை.

ஆகவே, பில் போடுகிறவர் தடுமாறுவது இயற்கை. முதல் நாள் 12 போட்டால் அது தவறு. பத்தாம் நாள் உங்களைப் போல ஒருவர் கேள்வி கேட்டு, அவருக்கு மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதினோராம் நாள் அடுத்தவருக்கும் அதே 12-ஐப் போட்டால்? அதற்கு வேறு பெயர். மென்பொருளும் அதேதான், சதவீதமும் அதேதான். இப்போது அவருக்குத் தெரியும் என்பது ஒன்றுதான் மாறியிருக்கிறது. கேட்டவனுக்குக் கொடு, கேட்காதவனிடம் வாங்கு என்பது நம் ஊரில் வியாபார சாமர்த்தியமாகவே மதிக்கப்படுகிறது. கேட்காதவன் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பில்லின் மொழி தெரியாதவன்.

அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், அந்த 504 ரூபாய் யாருடையது?

லாட்ஜ்காரருடையது இல்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 76-வது பிரிவு அதில் கறார்: வரி என்று சொல்லி ஒரு தொகையை வாங்கிவிட்டால், அந்த வரி உண்டோ இல்லையோ, அதை அரசுக்குக் கட்டியாகவேண்டும். பதிவே செய்யாதவர் வரி என்று வாங்கவே கூடாது. ஆன்லைன் தளத்தில் புக் செய்யும் ஃப்ளாட்டில் இன்னொரு சிக்கல். வீட்டுக்காரர் பதிவு செய்யும் அளவுக்கு வியாபாரம் இல்லாதவர் என்றால், வரி கட்டவேண்டியது அந்தத் தளம்தான். நீங்கள் பணம் கட்டும்போதே அது வாங்கப்பட்டிருக்கும். சாவி கொடுக்கும்போது அவர் "டேக்ஸ் தனி சார்" என்று கை நீட்டினால், அது வரியே இல்லை.

சரி, அரசுக்குப் போய்விட்டால் கணக்கு நேராகிவிடுமா? 1996 டிசம்பரில் மஃபத்லால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் இதைப் பேசினார்கள். தப்பாக வசூலான வரியை, அதன் பாரத்தை வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிட்ட வியாபாரி திரும்பக் கேட்க முடியாது என்றார்கள். சரியான பேச்சு. சுமந்தவன் யாரென்று அடையாளம் தெரியாவிட்டால் அது அரசிடமே இருக்கட்டும். அரசு என்பது மக்கள், மக்களே மக்களின் பணத்தில் அநியாயமாகக் கொழுக்க முடியாது என்பது வாதம். இன்று அப்படிப்பட்ட பணத்துக்கு நுகர்வோர் நல நிதி என்று ஒரு பெட்டியே இருக்கிறது.

எனக்கு இந்த வாதத்தின் பாதிதான் ஒப்புகிறது. பஸ்ஸில் கண்டக்டர் பாக்கிச் சில்லறையை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார். இறங்கும் அவசரத்தில் மறந்துவிடுகிறீர்கள். அவர் அதைத் தன் பையில் போட்டுக்கொள்ளவில்லை. நேர்மையாகக் கோயில் உண்டியலில் போட்டுவிடுகிறார். நல்ல மனுஷன். ஆனால் உங்கள் கடன் தீர்ந்ததா? ஒருவருக்குக் கொடுக்கவேண்டியதை எல்லாருக்குமாகக் கொடுத்தால் அது தர்மமாக இருக்கலாம், கடனடைப்பு ஆகாது. கொடுக்கவேண்டியவரைக் கண்டுபிடிக்கவே முடியாதபோதுதான் உண்டியல்.

இந்த இடத்தில் நம் பக்கத்தையும் பார்த்துவிடலாம். "கம்பெனி காசுதானே, விடுங்க" என்கிற மகானுபாவர் நம்மில் அதிகம். 504 ரூபாய்க்குச் சண்டை போட்டால் கௌரவக் குறைச்சல். அதே ஆள் சொந்தக் காசில் வந்தால், "பில் வேணாம்பா, டேக்ஸ் இல்லாம ஆயிரத்து அறுநூறுக்குக் குடு" என்பார். அதிகமாகப் பிடுங்கினால் அநியாயம், அரசுக்குப் போகவேண்டியதை இருவருமாகப் பங்கு போட்டால் அட்ஜஸ்ட்மென்ட். லாட்ஜ்காரருக்கு இரண்டும் ஒரே கல்லாதான்.

இத்தாலியில் ஊருக்கு வரும் விருந்தினரிடம் ஓட்டல்காரர் நகராட்சிக்காக ராத்திரிக்கு இவ்வளவு என்று வரி வாங்குகிறார். அதைக் கட்டாமல் வைத்துக்கொண்டால், 2020-ல் சட்டம் மாறும் வரை, அரசு ஊழியர் பொதுப் பணத்தைக் கையாடிய குற்றமாகவே அங்கே நீதிமன்றங்கள் அதைப் பார்த்தன. பிறகு தண்டனையை இளக்கிவிட்டார்கள். எனக்கு அந்தப் பழைய பார்வை பிடித்திருக்கிறது. 'வரி' என்று வாயால் சொன்ன அந்த நிமிஷம், கல்லாவில் இருப்பவர் அரசாங்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுவிடுகிறார். அதனால்தான் நாமும் பேரம் பேசாமல் கொடுக்கிறோம். வாடகையில் ஐந்நூறு ஏற்றினால் பக்கத்து லாட்ஜுக்குப் போவோம். வரியில் ஏற்றினால் பேசாமல் கட்டுவோம். அந்த மரியாதையைக் காசாக்குவதுதான் இதில் அசிங்கம்.

இப்போது பில்லின் மொழி தெரியாதவன். சுங்குவார்சத்திரத்தில் சாயங்கால ஷிப்ட் விடும் நேரம் நின்றால் ஒடியா, இந்தி, வங்காளி எல்லாம் காதில் விழும். தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து வந்த பெண்பிள்ளைகளும் உண்டு. பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க சிப்காட் கட்டிய குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அங்கே இடம் கிடைக்காத மற்றவர்களுக்குத் தனியார் ஹாஸ்டல், பி.ஜி., ஒரு ஹாலில் ஆறு கட்டில்.

இவர்கள் தங்குவது லாட்ஜா, வீடா? வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிகள் தொடுத்த வழக்கில், 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், தங்குகிறவரின் பக்கத்திலிருந்து பாருங்கள், அவருக்கு அது வீடு, வரி கிடையாது என்றது. அதே ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. விதியும் வந்தது: ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை.

நல்ல விதி. ஆனால் அந்த 90 நாள் இருக்கிறதே! கான்ட்ராக்டில் வந்த பையனுக்குத் தன் வேலை 90 நாள் இருக்குமா என்று முதல் நாள் எப்படித் தெரியும்? எழுபத்தோராம் நாள் கேட் பாஸை வாங்கிக்கொண்டு "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிட்டால், அவன் வீட்டில் குடியிருந்தவன் என்பது மாறி, பின்தேதியிட்டு லாட்ஜில் தங்கியவன் ஆகிவிடுகிறான். வேலையும் போய், வரியும் வருகிறது. பதிவு செய்த விடுதிக்காரர் இதற்குப் பயந்து முதல் மாதத்திலிருந்தே எல்லாரிடமும் 'டேக்ஸ்' என்று வாங்கினால், நூறு நாள் தங்குகிறவனுக்கு அநியாயம். வாங்காமல் விட்டால், போனவனுக்காக அவர் கையிலிருந்து கட்டவேண்டும்.

என்ன செய்யலாம்? எப்படியும் ஒரு மாத அட்வான்ஸ் வாங்கத்தானே செய்கிறார்கள்? இது அதற்குள் அடங்கட்டும். 90 நாள் ஆகாவிட்டால் அதிலிருந்து பிடித்துக்கொள்வேன் என்று சேரும்போதே, அவனுக்குப் புரிகிற பாஷையில் சொல்லிவிடலாம். தொண்ணூறு தாண்டியதும் அந்தப் பேச்சு முடிந்தது. 'வரி' என்கிற வார்த்தையை மட்டும் முன்கூட்டியே வாயில் எடுக்கக் கூடாது.

ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சுங்குவாருக்கும் சுங்கத்துக்கும் உறவுண்டா என்று மொழி ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. சத்திரம் என்றால் வழிப்போக்கன் காசில்லாமல் படுத்து எழுந்து போகிற இடம். அப்படி நடத்தச் சொன்னால் இன்று யாராலும் முடியாது, கரண்ட் பில்லுக்கே காணாது. வாடகை வாங்கட்டும். அதிகம்கூட வாங்கட்டும், போர்டில் எழுதிவிட்டு.

ஆனால் அந்த 504 ரூபாய்க்கு, "போனவங்கள எங்க சார் போய்த் தேடறது?" என்று மட்டும் சொல்லக் கூடாது. சட்டம் கிரெடிட் நோட் என்று ஒரு வழி வைத்திருக்கிறது. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை, கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கைக்காசு போகாது. தேடவும் வேண்டாம். ரூம் கொடுக்கும்போதே பெயர், ஊர், ஆதார் நகல், செல் நம்பர் எல்லாம் ரிஜிஸ்டரில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். பாதிப் பேர் பணம் கட்டியதே செல்போனில்தான். வந்த நம்பர் அங்கேயே இருக்கிறது.