பார்த்தலும் தீர்ப்பளித்தலும்

ஓர் உயிரின் தோற்றத்தைக் கண்ட மாத்திரத்தில் அதன் இயல்பைத் தீர்மானிக்கும் உரிமை நமக்கு உண்டா? இவ்வினாவை நம்முன் வைத்தது விரல் நீளமே உள்ள ஒரு தரைப்பல்லி.

மலையடிவாரத்து ஊரொன்றில் நாம் ஆசிரியப் பணியாற்றிய காலம். பள்ளித் தோட்டத்தில் மாணவன் ஒருவன் கல்லொன்றைப் புரட்டினான். பழுப்பு மேனியில் கரும்புள்ளிகளுடன் ஏதோ நெளிந்தது. "விரியன் குட்டி, அடி!" என்று கூவியவர் நாமே. அவன் அடித்தான். குனிந்து நோக்கிய பின்னரே அதன் நான்கு கால்களும் தெரிந்தன.

மனம் ஆறாமல் நூல்களை நாடினோம். தென்னாட்டுத் தரைப்பல்லிகளுள் ஒன்று கொள்ளேகாலின் பெயரைத் தாங்கியுள்ளது. சென்னை மாகாண வனத்துறையில் பணிபுரிந்த பெட்டோம் என்னும் ஆங்கிலேயர் 1870இல் அதனை விவரித்து எழுதினார். வீட்டுப்பல்லியின் விரல்கள் அகன்று, அடியில் பட்டைகள் கொண்டிருத்தலால் அது சுவரில் ஏறுகிறது. தரைப்பல்லியின் விரல்களோ மெலிந்தவை. அப்பட்டைகள் அவற்றில் இல்லை. மண்ணே அதன் உலகம். பகலில் கல்லடியிலும் சருகடியிலும் ஒடுங்கிக் கிடந்து, இரவில் பூச்சி தேடி வெளிவரும். இமைத்தல் இல்லாத தன் கண்களை நாவினால் துடைத்துக்கொள்ளும். நஞ்சு என்பது அதனிடம் அறவே இல்லை. எந்தப் புள்ளிகள் சருகோடு சருகாக அதனை மறைத்துக் காத்தனவோ, அவையே நம் கண்ணுக்குப் பாம்பின் அடையாளமாயின.

"அறியாமல் நேர்ந்த பிழைதானே?" என அன்பர்கள் ஆறுதல் கூறுவர். தரைப்பல்லியை அறியாதிருந்தது அறியாமை, அதனை மன்னிக்கலாம். நான்கு கால்களைக் காணும் அளவுக்குக்கூட நில்லாதது அறியாமை அன்று, அவசரம். அதற்கு நாமே பொறுப்பு.

மெய்யாகவே பாம்பாக இருந்திருந்தால் பிள்ளையின் உயிர் என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும், "இரண்டடி பின்னால் வா" என்று சொல்லியிருந்தால் இரண்டு உயிர்களும் பிழைத்திருக்கும். அச்சம் நம்மை விலகச் சொல்லலாம். கொல்லச் சொல்ல வேண்டியதில்லை.

இறந்த உயிரை எண்ணி வருந்துவதினும் ஒரு வருத்தம் நமக்குப் பெரிது. பார்க்கக் கற்பிப்பதே ஆசிரியர் தொழில். அன்று நாம் ஒரு சிறுவனுக்குக் கற்பித்ததோ பாராமலே தீர்ப்பளித்தல். கிழிந்த சட்டையையும் கலைந்த தலையையும் கொண்டு பிள்ளைகளை எடைபோட்ட நாட்களும் அதன்பின் நம் நினைவுக்கு வந்தன. அப்பாடத்தை அவன் மறந்திருப்பானாக.

கல்லைப் புரட்டும் குழந்தை நம் இல்லங்களிலும் உண்டு. அதனிடம் "அடி" என்னுமுன் "பார்" என்போமாக.