ஈகையா, ஒப்புரவா?

திருவள்ளுவர் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு அதனையடுத்து ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே. எனினும் இரண்டும் ஒன்றல்ல. வறியவனைக் கண்டு இரங்கிக் கொடுப்பது ஈகை. உலகத்தாரோடு கூடி வாழ்பவன் தன்னிடம் உள்ளது பிறர்க்கும் பயன்படுதல் முறை எனக் கருதிச் செய்வது ஒப்புரவு. வகுப்பறையில் நாம் எளிதாகச் சொல்லிவிட்டுச் செல்லும் இவ்வேறுபாடு, உலகின் பெரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களைப் பற்றி எண்ணும்போது கடினமான கேள்வியாக எழுந்து நிற்கிறது. அக்காட்சியகங்களில் உள்ள உயிரின மாதிரிகளை நேரில் ஆராய வரும் அறிவியலறிஞர்க்கு வழிச்செலவும் தங்கும் செலவும் கொடுத்து உதவும் திட்டங்கள் உள்ளன. அவ்வுதவி எவ்வகையைச் சார்ந்தது?

முதலில் அவர்கள் ஏன் நேரில் செல்ல வேண்டும் என்பதைக் கூறுதல் வேண்டும். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 8 கோடி மாதிரிகள் உள்ளன. பொதுமக்கள் கண்டு வியக்கும் எலும்புக்கூடுகளும் பாடம் செய்த விலங்குகளும் அவற்றுள் மிகச் சிறு பகுதியே. எஞ்சியவை இழுப்பறைகளிலும் புட்டிகளிலும் அடங்கிக் கிடக்கின்றன. ஓர் உயிரினத்திற்கு முதன்முதலில் அறிவியற் பெயர் சூட்டும்போது, அப்பெயர்க்குச் சான்றாக ஒரு மாதிரியை வைப்பர். அதனை மூல மாதிரி எனலாம். பகாங் காட்டில் இன்று ஒரு வண்டைக் கண்டெடுக்கும் ஆய்வாளர், அது புதிய இனமா, அன்றி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பெயர் பெற்றதா என்பதைத் துணிய வேண்டுமானால், அம்மூல மாதிரியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். பழைய நூல்களில் உள்ள விளக்கமோ சில வேளைகளில் இலத்தீன் மொழியில் நான்கு வரிகளாக முடிந்துவிடும். அச்சிட்ட பதிப்பு ஐயத்தைத் தீர்க்காதபோது ஏட்டுச் சுவடியைத் தேடி ஊர் ஊராக அலைந்தார் உ. வே. சாமிநாதையர். அவ்வலைச்சலின் பொருளை அறிந்த தமிழாசிரியர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை. படமெடுத்து அனுப்பினால் போதாதா எனின், படம் பெரிதும் உதவும். ஆனால் படத்தைப் புரட்டிப் பார்க்க இயலாது. அதன் உள்ளுறுப்பை ஆராயவும் இயலாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தைக் கொண்டு 2004ஆம் ஆண்டு 'சிந்தெசிஸ்' என்னும் திட்டம் தொடங்கியது. பல கட்டங்களாக 2023 வரை நடைபெற்ற அத்திட்டம், ஓர் ஆய்வாளரை வேற்று நாட்டு அருங்காட்சியகத்திற்கு அனுப்பி, பயணம், உறைவிடம் ஆகியவற்றின் செலவையும், அங்கு அவர் பணி செய்வதற்கான செலவையும் ஏற்றது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் எர்ன்ஸ்ட் மாயர் பெயரால் இத்தகைய நல்கையை வழங்கி வந்துள்ளது.

இதற்கு மறுப்பு உண்டு, அதனைப் புறந்தள்ளுவதற்கில்லை. ஒழுகும் கூரையின் கீழ்ப் பிள்ளைகள் அமர்ந்து படிக்கும் பள்ளிகள் உலகில் எத்தனையோ. அவ்வாறிருக்க, இறந்துபோன வண்டின் காலைப் பார்க்க ஒருவரைக் கடல் கடந்து அனுப்புவதற்குப் பொதுப்பணமா? பள்ளியை நடத்துபவன் எவனும் இக்கேள்வியை ஒருமுறையேனும் கேட்காமல் இருக்க மாட்டான்.

இதற்கு அறிவியலார் சொல்லும் விடை பயனைக் காட்டுவது. பிரிட்டனில் வல்லூறு முதலிய வேட்டைப் பறவைகள் அருகி வந்த காலத்தில், டெரெக் ராட்கிளிஃப் என்பவர் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்த முட்டை ஓடுகளை அளந்து, எடையிட்டுப் பார்த்தார். 1940களின் பிற்பகுதி தொட்டு ஓடுகள் மெலிந்துவிட்டதைக் கண்டு 1967இல் வெளியிட்டார். டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளே அதற்குக் காரணம் என்பது பின்னர் உறுதிப்பட்டது. முட்டைகளைச் சேர்த்தவர்களோ பொழுதுபோக்காகவே சேர்த்தவர்கள். அக்காலத்தில் பூச்சிக்கொல்லியைப் பற்றிக் கனவிலும் எண்ணியிருக்க முடியாது.

சிறந்த சான்றுதான். எனினும் என் மனம் இதனோடு அமைதி கொள்ளவில்லை. வண்டின் காலில் உள்ள மயிரை மூன்று வாரம் எண்ணுகிற எல்லாரும் பறவையினத்தைக் காக்கப் போவதில்லை. பயனை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் பெரும்பாலான பயணங்கள் தேறா. நல்கைக்கான வலுவான காரணம் வேறோரிடத்தில் உள்ளது. அது நம் நிலப்பகுதியையே சார்ந்தது.

ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் அலைந்து 1,25,660 மாதிரிகளைச் சேர்த்தார். அவற்றுள் 83,200 வண்டுகள். சிங்கப்பூரின் புக்கிட் தீமாக் காட்டில் தொடங்கிச் சரவாக்கிற்குச் சென்றார். அங்கே சிமுன்ஜான் நிலக்கரிச் சுரங்கத்தருகே தங்கியபோது, டாயாக்கு மக்களும் சீனத் தொழிலாளரும் கொண்டுவந்த பூச்சி ஒன்றுக்கு ஒரு காசு வீதம் கொடுத்தார். இலண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்னும் முகவர் மாதிரிகளை விற்றுக் கொடுத்த வருவாயைக் கொண்டே வாலஸ் வாழ்ந்தார். சரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் இளைஞர் அவருக்குத் துணையாகப் பல தீவுகளுக்குச் சென்றார். 1858இல் பச்சான் தீவில் அதுவரை அறிவியல் அறியாத ஒரு சொர்க்கப் பறவையைச் சுட்டுக் கொண்டுவந்தவர் அலியே. மறு ஆண்டில் இலண்டனில் அப்பறவைக்கு வாலஸின் பெயர் சூட்டப்பட்டது.

வாலஸைக் கள்வர் என்பார் உளர். நான் அவ்வாறு கூறேன். காய்ச்சலிலும் வறுமையிலும் கிடந்து உழைத்தவர் அவர்; அலியின் பணியைத் தம் எழுத்தில் மறைத்தவரும் அல்லர். கேட்ட விலை கொடுத்தார் என்பதும் மெய்யே. ஆனால் அந்த ஒரு காசு, பூச்சியைப் பிடித்த கைக்குரிய கூலி. அப்பூச்சியைக் கொண்டு பிற்காலத்தார் பெறும் அறிவுக்கு அது விலையாகாது. காட்டில் பூச்சியைப் பிடித்தவனின் கொள்ளுப்பேரன் இன்று பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்று, தன் காட்டு வண்டின் பெயரை உறுதிசெய்ய விழைந்தால் இலண்டனுக்கு விமானம் ஏற வேண்டும். சிந்தெசிஸ் திட்டத்தின் உதவியோ பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதனோடு இணைந்த நாடுகளிலும் பணிபுரிந்தோர்க்கே சென்றது. பணம் தந்தவர் தம்மவர்க்குத் தருவது இயல்பு என்பர். ஈகையாயின் அவ்விடை செல்லும். மாதிரிகளைத் தந்த காடுகளுக்கும் அவற்றைக் காத்த அறைகளுக்கும் இடையே உள்ள உறவை ஒப்புரவு என்று கொண்டால், அவ்விடை செல்லாது.

அவ்வாறாயின் மாதிரிகளையே திருப்பித் தந்துவிடலாமே என்று இளைஞர் கேட்பர். சிலவற்றைத் தரத்தான் வேண்டும். வெப்பநாட்டில் காக்க இயலாது என்னும் பழைய மறுமொழி இனி எடுபடாது. சிங்கப்பூரின் ராபிள்ஸ் அருங்காட்சியகத் தொகுதி 1942இல் ஜப்பானியர் நுழைந்தபோதும் அழியவில்லை. ஜப்பானிய அறிவியலாளர் தனகாதாதேயும் ஆங்கிலேயர்களான கார்னர், பர்ட்விசில் ஆகியோரும், பகைவர் என்ற நிலையிலும் ஒருங்கே நின்று அதனைக் காத்தனர். 1972இல் அக்காட்சியகத்தின் நோக்கம் மாறியபோது விலங்கியல் தொகுதி பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, இடம்விட்டு இடம் மாறி, 2015இல் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. எனினும் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் குவிப்பதன் இடரையும் மறக்கலாகாது. 2018 செப்டம்பரில் பிரேசில் நாட்டுத் தேசிய அருங்காட்சியகம் தீப்பற்றியது. அதன் பூச்சித் தொகுதி பெரும்பாலும் சாம்பலாயிற்று. அதன்பின், முன்னர் அங்கே சென்று வந்தோர் எடுத்த படங்களை மாணவர்கள் தேடித் திரட்டினர்.

எனவே மாதிரி எங்கே இருப்பினும், அதனைக் காண வருபவர்க்கு வழி திறந்திருத்தலே முதன்மை. அதற்கான நல்கையை ஒப்புரவு எனக் கருதினால் நடைமுறையும் மாறும். விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மாதிரிகள் பிறந்த நாட்டாரும் அமர்வர். வரும் ஆய்வாளர் பழைய சீட்டில் உள்ள ஊர்ப்பெயர்ப் பிழையைத் திருத்திச் செல்வார். அவ்வூரின் பெயரை இலண்டன் எழுத்தரைவிட அவரே நன்கு அறிவார். நல்கை பெற்றவரும் தம் முடிவுகளைப் பூட்டி வைக்காமல் தம் நாட்டு மாணவர்க்கு எட்டும் மொழியில் எழுத வேண்டியவராவார். இதனை நம் ஆய்வாளர் பலர் செய்வதில்லை என்பதும் சொல்லத்தக்கதே.

பிறரை மட்டும் நோக்கி விரலை நீட்டுவதும் முறையன்று. சிங்கப்பூர்த் தொகுதியில் உள்ளவை சிங்கப்பூர் மண்ணில் பிறந்தவை மட்டுமல்ல. மலாயாத் தீபகற்பத்திலிருந்தும் போர்னியோவிலிருந்தும் கிறிஸ்மஸ் தீவிலிருந்தும் வந்தவை அங்குண்டு. கூச்சிங்கிலிருந்து ஒரு மாணவர் அவ்விழுப்பறைகளுள் ஒன்றைத் திறந்து பார்க்க விரும்பிக் கடிதம் எழுதினால், வரலாம் என்னும் மறுமொழியோடு பயணச் சீட்டுக்கான பணமும் சேர்ந்து செல்ல வேண்டும்.