முப்பது புள்ளிகளும் ஒரு மூதாட்டியும்

தன் கடந்தகாலத்தை நினைவுகூரும் அளவுக்கே ஒருவன் அவனாக நீடிக்கின்றான் என 1694இல் வாதிட்டார் ஜோன் லொக். அங்ஙனமாயின், நினைவு தளர்ந்த மூதாட்டி தம்மையே இழந்தவராவாரா?

மறதிநோயை ஐயுறுமிடத்து மருத்துவர் கையாளும் சோதனையொன்று 1975இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மொத்தம் 30 புள்ளிகள். ஆண்டு, பருவம், திகதி என வினாக்கள் தொடங்கும். கச்சானும் வாடையும் கொண்டு பருவத்தையும், பிறைகொண்டு மாதத்தையும் கணித்து வாழ்ந்த கல்முனை மூதாட்டிக்கு, மகன் முன்னிலையில் அவற்றிற்கு விடைகூற நா எழாது. பதற்றமும் பள்ளிப்படிப்பின்மையும் புள்ளியைக் குறைக்கும்.

நினைவுதானும் ஒருவகையினதன்று. 1953இல் மூளைச் சத்திரசிகிச்சையின் பின் புதியன எதனையும் மனத்திற் கொள்ளவியலாதுபோன ஒருவர், கண்ணாடியில் பார்த்து வரையும் திறனை நாளடைவில் கற்றார். கற்றமையை அவர் அறிந்திலர். 1962இல் இதனை வெளியிட்டார் பிரெண்டா மில்னர். திகதி மறந்த மருதமுனை நெசவாளரின் கைகள் தறியை மறவாதிருத்தலும் இத்தகையதே. லொக்கின் அளவுகோல் இக்கைகளைக் காணவில்லை.

சோதனை வேண்டாமென்பதன்று. தைரொயிட் சுரப்புக் குறைவாலும் விற்றமின் பி12 குறைவாலும் வரும் மறதி மருந்தால் தணியக்கூடும். அதனை அறியாதுவிடுதல் தீங்கு. ஆனால், "இதுகூடத் தெரியாதா உம்மா?" என மகன் இடைமறிக்கும் கணத்தில் சோதனை விசாரணையாகிவிடுகின்றது. அவ்வேளை அவன் வெளியே காத்திருக்கலாம்.