பழிச்சொல்லும் மிதவாதியும்

நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்தும். ‘சமூக விரோதி’ என்பது தோற்றத்தில் காரணப்பெயர். வழக்கிலோ காரணம் ஆராயாமல் இடப்படும் குறியாகிவிடுகிறது. 2018 மே 22, 23 ஆகிய நாள்களில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்பாளர்மீது எடுக்கப்பட்ட காவல்துறை நடவடிக்கையில் 13 பேர் உயிரிழந்தனர். பேரணியில் சமூக விரோதிகள் ஊடுருவினர் என்று அரசுத்தரப்பு கூறியது.

இப்பெயரால் வன்முறையாளர் இழப்பது சிறிது; நற்பெயர் ஒன்றையே துணையாகக் கொண்டு மனுக் கொடுத்த மிதவாதி இழப்பது பெரிது. ‘நாங்கள் அவர்கள் அல்லர்’ என விலகினால் அப்பெயரிடலை ஒப்புக்கொண்டவராகிறார். விலகாவிடில் அதனைத் தாமும் சுமக்கிறார். இருநிலையிலும் காற்றும் நீரும் மாசுபடுவது பற்றிய கோரிக்கை பின்தள்ளப்படுகிறது.

குற்றம் நிகழ்ந்திருப்பின் அதனைச் செய்தவரைச் சுட்டுதல் நீதி. கூட்டம் முழுமைக்கும் பெயரிடுதல், அமைதியாகப் பேசுவோர் நிற்கும் இடத்தையே இல்லாமற் செய்வதாகும்.