அப்பாவின் கடன் நம்ம கடனா? சுவாமிமலை சொல்லும் பதில்

ஓம் சரவணபவ.

கடன் தீரணும்னு செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் செல்வமுத்துக்குமாரசுவாமியையும் அங்காரகனையும் கும்பிட்டு வர்றவங்களும் இருக்காங்க. ஆனா பக்கத்துல உட்கார்ந்து பேசிப் பார்த்தா, சின்ன வயசுக்காரங்க பல பேர் வேண்டுறது சொந்தக் கடனுக்காக இல்லை. அப்பா அம்மாவோட பழைய கடனுக்காக.

அந்த வேண்டுதலுக்குள்ள, யாரும் வாய்விட்டுக் கேக்காத ஒரு கேள்வி இருக்கு. அப்பா வாங்கின கடனை நான் ஏன் அடைக்கணும்? அடைக்கலன்னா அது பாவமா?

எங்க வீட்டுல நடந்ததை வச்சே இதைச் சொல்றேன்.

2023 தைப்பூசத்துக்கு முந்தின நாள். ஊருக்கு வந்திருந்தேன். பூஜை அலமாரியைத் துடைக்க பழனியாண்டவர் படத்தை எடுத்தப்போ, பின்னாடி மடிச்சு வச்ச பேப்பர்கள் விழுந்துச்சு. ஒண்ணு 2018-ல வந்த கோர்ட் சம்மன். இன்னொண்ணு, தீர்ப்புப் பணத்துக்காக வீட்டை ஜப்தி பண்ணணும்னு போட்ட மனுவோட நோட்டீஸ்.

விஷயம் இதுதான். 2015-ல அப்பா தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட புரோநோட்டு எழுதிக் கொடுத்து 2 லட்சம் வாங்கியிருக்கார். நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. கடையில போட்டார், கடை ஓடல. பெரியவர் கேட்டுப் பார்த்துட்டு கேஸ் போட்டார். சம்மனை அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினார். கோர்ட்டுக்குப் போகல. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆயிடுச்சு. வட்டி, செலவு எல்லாம் சேர்ந்து 3 லட்சத்துக்கு மேல.

"ஏம்ப்பா சொல்லல?"ன்னு கேட்டேன். "முருகன் பாத்துப்பார்னு இருந்துட்டேன்"னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறிடலாம்னு பையை எடுத்துட்டேன்.

அந்தக் கோபம் நம்ம சாமிக்கே வந்த கோபம்தான். மாம்பழம் கிடைக்கலன்னு கோவணத்தோட மலையேறினவர் அவர். அம்மா அப்பா மேல கோபப்படுறது தப்புன்னு முருக பக்தன்கிட்ட யாரும் சொல்ல முடியாது. ஆனா அவர் கதை பழனியோட முடியல. சுவாமிமலையும் இருக்கு.

பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவை முருகன் என்ன பண்ணார்? தலையில குட்டி, சிறையில போட்டார். ஊரே பாத்துச்சு. அதே பொருளை அப்பா சிவபெருமான் கேட்டப்போ? காதுல சொன்னார். அப்பா பணிஞ்சு நின்னார், பிள்ளை குருவானார், தகப்பன்சாமின்னு பேர் வாங்கினார். ஆனா அந்தப் பாடம் நடந்தது ரெண்டு பேருக்கு நடுவுல மட்டும்தான். குட்டு அடுத்தவருக்கு, காது அப்பாவுக்கு. பையைக் கீழ வச்சுட்டேன்.

மறுநாள் அம்மா கோயிலுக்குப் போனதும் அப்பா பக்கத்துல உட்கார்ந்து மெதுவா கேட்டேன். எவ்வளவு வாங்கினீங்க, எதுக்கு செலவாச்சுன்னு. கடைசியாத்தான் சொன்னார். அந்த 2 லட்சத்துல என் காலேஜ் முதல் வருஷ ஃபீஸும் இருந்திருக்கு.

இப்போ கேள்விக்கு வருவோம்.

சட்டம் தெளிவா சொல்லுது. அப்பாவோட கடனுக்கு நாம ஜாமீன் கையெழுத்துப் போடாத வரைக்கும் நாம பொறுப்பில்லை. அவர் காலத்துக்குப் பிறகும், அவர் சொத்து நம்ம கைக்கு எவ்வளவு வந்துச்சோ அந்த அளவுக்குத்தான் கடன்காரர் கேக்க முடியும். தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனோட புனிதக் கடமைன்னு பழைய இந்து சட்டத்துல ஒரு விதி இருந்துச்சு. 2005-ல வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினப்போ, அதுக்கப்புறம் வாங்குற கடன்களுக்கு அந்த விதி செல்லாதுன்னு ஆக்கிட்டாங்க.

ஆனா அதே நாட்டுல 2007-ல இன்னொரு சட்டம் வந்துச்சு. தங்களைத் தாங்களே பாத்துக்க முடியாத பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்கணும்னு அது சொல்லுது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கடன் அப்பாவுடையது. அப்பா என்னுடையவர். எனக்குக் கிடைச்ச பதில் இதுதான். கடனைத் தலையில ஏத்திக்கணும்னு இல்லை, ஆனா அதைத் தூக்கிட்டு நிக்கிற மனுஷனைத் தனியா விடக்கூடாது.

அடுத்ததா வந்தது பெரிய சோதனை. தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார்: "சம்மனே வரலன்னு ஒரு அஃபிடவிட் போடுங்க, தீர்ப்பை ரத்து பண்ணிடலாம்." இன்னொருத்தர் சொன்னார்: "வீட்டை உன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடச் சொல்லு, ஜப்தி பண்ண ஒண்ணுமே இருக்காது."

சம்மன் நிஜமாவே வராதவங்களுக்கு அந்த வழி நியாயமானது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு தெரிய வந்த 30 நாளுக்குள்ள ரத்து பண்ணக் கேட்டு மனு போடலாம். ஆனா எங்களுக்கு சம்மன் வந்துச்சு. பழனியாண்டவர் முதுகுக்குப் பின்னாடிதான் அஞ்சு வருஷம் இருந்துச்சு. அவருக்குத் தெரியாதா? மனசு ஆடலன்னு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் தூங்கல.

வீட்டை எழுதுற யோசனையும் அப்படித்தான். கடன்காரரை ஏமாத்த சொத்தை மாத்தி எழுதினா, அந்தப் பத்திரத்தை செல்லாததாக்கச் சொல்லி அவர் கேக்கலாம். பணம் கட்ட முடியாதவரை ஜெயில்ல போடுறது பத்தி 1980-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கு. வெறுமனே இல்லாமைக்காக ஒருத்தரை சிறைக்கு அனுப்பக்கூடாது. வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோட ஏமாத்துறாரான்னு பாக்கணும். யோசிச்சா தர்மமும் இதையேதான் கேக்குது. இல்லையா, இல்ல ஒளிக்கிறியா? இல்லாதது பாவம் இல்லை. ஒளிக்கிறதுதான் பாவம்.

கடைசியில அப்பாவும் நானும் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனோம். ரிட்டயர்மென்ட் பணத்துல இருந்து கொடுத்தவர் அவர். எங்களைப் பாத்ததும் சத்தம் போடல. "பணம் வரலங்கறதுகூட பொறுத்துக்கிட்டேன் தம்பி. தெருவுல என்னைப் பாத்தா உங்கப்பா வேற சந்துல திரும்பிப் போவார். அதான் கோர்ட்டுக்குப் போனேன்"னார். அப்பா தலை குனிஞ்சு, "தப்புதான் அண்ணே"ன்னார். அஞ்சு வருஷமா வராத வார்த்தை அது.

நம்ம அப்பாவுக்காக விரதம் இருக்கும்போது கடன் கொடுத்தவரை வில்லனா நினைச்சுக்கிறோம். அவரும் ஒரு வீட்டுல அப்பாதான். கடன் தீரணும்ங்கிற வேண்டுதல்ல அவர் பணம் அவர் கைக்குப் போய்ச் சேரணும்ங்கறதும் இருக்கணும். மைத்ர முகூர்த்தத்துல கடன்ல ஒரு சின்னப் பகுதியைத் திருப்பிக் கொடுத்தா மீதியும் சீக்கிரம் தீரும்னு ஒரு நம்பிக்கை இருக்கே, கவனிச்சீங்களா? அதுலயும் கொடுக்கத்தான் சொல்றாங்க.

விஷயம் லோக் அதாலத்துக்குப் போச்சு. வட்டியில கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். 2,80,000 ரூபாய், மாசம் 14,000 வீதம் 20 தவணை. நான் 10,000 போட்டேன். அப்பா ஒரு வேலை தேடிக்கிட்டு 4,000 போட்டார். ஒவ்வொரு மாசமும் அப்பாதான் போய்க் கட்டினார். முழுசா நானே கட்டியிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும். ஆனா அவர் நிமிர்ந்து நடந்திருக்க மாட்டார்.

இதே நிலைமையில இருக்கிறவங்களுக்கு நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

கோர்ட் பேப்பர் எதுவா இருந்தாலும் அன்னிக்கே பிரிச்சுப் படிங்க. பணத் தீர்ப்பை நிறைவேத்தக் கேக்க அவங்களுக்கு 12 வருஷம் டைம் இருக்கு. ஒளிச்சு வச்சா தானா போயிடாது.

வக்கீல் வைக்க வசதி இல்லன்னா மாவட்ட நீதிமன்றத்துல இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், வருமானம் குறைவா இருக்கிறவங்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. அம்மா பேர்ல கடன்னா ஒரு தைரியம் சொல்லுங்க: பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது பண்ண முடியாது.

தீர்ப்புக்கு அப்புறம் கையில கொடுக்கிற பணத்தை கோர்ட்ல பதிவு பண்ணணும். பதிவு ஆகலன்னா கொடுத்ததாவே கணக்குல வராது. பேங்க் வழியா கட்டுங்க, ரசீதைப் பத்திரமா வைங்க.

அப்பா கடனை அடைக்க ஆப்ல லோன் எடுக்காதீங்க. ஒரு வீட்டுக் கடன் ரெண்டாகும், அவ்வளவுதான். கந்துவட்டின்னா பயந்து கட்டிக்கிட்டே இருக்காதீங்க, அதைத் தடுக்க 2003-ல தமிழ்நாட்டுல தனிச் சட்டமே இருக்கு.

இன்னொண்ணு. எல்லா வீடும் எங்க வீடு மாதிரி இல்லை. குடிச்சும் சூதாடியும் கடன் வாங்கிட்டே இருக்கிற அப்பாக்கள் இருக்காங்க. அந்தக் கடனைத் திரும்பத் திரும்ப அடைச்சா அடுத்த கடனுக்கு நாமே வழி பண்ணித் தர்றோம். அங்க சோறு போடுங்க, மருந்து வாங்கிக் கொடுங்க, பணத்தைக் கையில கொடுக்காதீங்க. அதுக்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். அந்தப் பழைய சட்டம்கூட அப்படிப்பட்ட கடனை மகன் தலையில கட்டல.

20-வது தவணை கட்டின வாரம் சுவாமிமலைக்குப் போனோம். அங்க 60 படி, 60 தமிழ் வருஷத்தோட பேர்ல. அப்பாவுக்கு மூட்டு வலி, நின்னு நின்னுதான் ஏறினார். நானும் கூடவே நின்னு ஏறினேன்.

அந்தப் பழனியாண்டவர் படம் இப்பவும் எங்க அலமாரியில இருக்கு. பின்னாடி ஒண்ணும் இல்லை.

இந்த செவ்வாய்க்கிழமை விளக்கேத்தினதும், அப்பா அம்மா பக்கத்துல போய் உட்காருங்க. யாரும் இல்லாத நேரமா பாத்து, "ஏதாவது பேப்பர் வந்திருக்காப்பா? நான் இருக்கேன், சேந்து பாப்போம்"னு மெதுவா கேளுங்க.

வேலும் மயிலும் துணை.