விருந்தும் ஒழுகலாறும்: ஓர் அறவியல் நோக்கு

அலுவலகங்களிலே ஆண்டிறுதியிலும் பண்டிகைக் காலங்களிலும் நடைபெறும் ஒன்றுகூடல்களில் எவ்வாறு உடுத்துவது, எவ்வாறு நடந்துகொள்வது என்பன அறவியலுக்குரிய வினாக்களாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. அவை நாகரிகம் பற்றியவை, மிஞ்சினால் முன்யோசனை பற்றியவை என்றே தள்ளிவிடப்படுகின்றன. அளவோடு அருந்துக, அடக்கமாக உடுத்துக, சம்பள உயர்வு பற்றிப் பேச்செடுக்காதிருக்க, நாளையும் அலுவலகம் உண்டென்பதை மறவாதிருக்க. இத்தகைய அறிவுரைகளை ஒருங்கே வைத்து நோக்கின், அவை யாவும் கீழ்நிலை ஊழியரை விளித்தே கூறப்படுகின்றன என்பது புலனாகும். வேலையை இழக்கக்கூடியவர் எவரோ அவரே ஒழுக்கம் பயிலவேண்டியவராகின்றார். இங்கு ஒழுக்கம் எனப்படுவது தற்காப்பின் மறுபெயரேயாகும். அவ்வாறாயின், விருந்தில் ஒழுக்கத்தின் சுமை உண்மையில் எவர்மீது தங்கவேண்டும் என்பது முதலிலே கேட்கப்படவேண்டியதாகின்றது.

இவ்வினா புதியதன்று. பண்டைய உரோமாபுரியில் டிசம்பர் 17ஆம் நாள் தொடங்கிய சட்டர்னாலியா விழாவின்போது எசமானரும் அடிமைகளும் ஒன்றாக உண்டனர்; சில இல்லங்களில் எசமானரே பரிமாறினர். உரோமக் குடிமகனின் அடையாளமான தோகா என்னும் போர்வை களையப்பட்டு, இலகுவான விருந்தாடை அணியப்பட்டது. விடுதலை பெற்ற அடிமைக்குரிய தொப்பியை அனைவரும் தலையிற் சூடினர். உடை மாறியதும் தரம் மறைந்தது. அன்றேல், மறைந்ததாகப் பாவனை செய்யப்பட்டது. இன்றைய அலுவலக விருந்திற் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு சிற்றூழியரின் தோளிற் கைபோடும் முகாமையாளரின் செயல் இதனின்றும் பெரிதும் வேறுபட்டதன்று.

இவ்விழாக் காலத்தில் அறிவுடையோன் எங்ஙனம் ஒழுகவேண்டும் என்பதைச் செனெக்கா தம் நண்பர் லூசிலியசுக்கு எழுதிய பதினெட்டாவது கடிதத்தில் ஆராய்கின்றார். நகரமே களியாட்டில் மூழ்கியிருக்கையிற் கூட்டத்தை விட்டு விலகுவதா, அதனோடு கலந்துவிடுவதா என்பதே அவர்தம் ஐயம். விலகித் தனித்துத் தோன்றுவதிலும், பிறர் செய்வதையே செய்து, ஆனால் அவர் செய்யும் விதத்திற் செய்யாதிருப்பதே நிதானம் என்ற முடிவுக்கு அவர் வருகின்றார். உயர்ந்த விடைதான். ஆயின் அது செல்வந்தன் தன் மனத்தைத் தான் ஆளுவது பற்றிய விடை. அதே விருந்தில் மறுபுறம் அமர்ந்திருந்த அடிமை எவ்வாறு ஒழுகவேண்டும், அவனுக்கு எது ஆபத்து என்ற கேள்வி அக்கடிதத்தில் எழவேயில்லை.

அக்கேள்வியை எழுப்பியவர், செனெக்காவுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முற்பட்ட கவிஞர் ஹொரேஸ் ஆவார். அவருடைய அங்கதப் பாடலொன்றிலே தாவுஸ் என்னும் அடிமை, டிசம்பர் மாதச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி எசமானனின் குறைகளை முகத்துக்கு நேரே கூறுகின்றான். பேசும்படி அனுமதித்தவன் எசமானனே. கேட்டு முடிந்ததும் அவன் எறிவதற்குக் கல் தேடுகின்றான். பண்ணையில் வேலைசெய்ய அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகின்றான். நகைச்சுவைக்காக எழுதப்பட்டதெனினும் அலுவலக விருந்துகளின் அடிப்படைச் சிக்கல் இதனுள் முழுமையாக அடங்கியுள்ளது. ஒரு நாட் சமத்துவத்தை வழங்குபவனும் அதனை மீளப்பெறுபவனும் ஒருவனே. எப்போது மீளப்பெறுவான் என்பது மற்றவனுக்குத் தெரியாது.

இம்மானுவேல் கான்ற் 1798இல் வெளியிட்ட மானிடவியல் நூலில் உபசாரச் சொற்களைச் சில்லறை நாணயத்துக்கு ஒப்பிடுகின்றார். அதனைப் பொன்னென்று எவரும் ஏமாறுவதில்லை. ஆயினும் அது புழங்கப் புழங்க மெய்யான பண்பு உருவாதல் கூடும் என்பது அவர் கருத்து. இவ்வாதம் சமநிலையிலுள்ளோர்க்குப் பொருந்தும். தாவுசோ அந்நாணயத்தைப் பொன்னென்று நம்பியவன். "இன்றைக்கு நான் உங்கள் அதிகாரி அல்லன், மனம்விட்டுப் பேசுங்கள்" என்று கூறும் மேலதிகாரி, திங்கட்கிழமையும் அச்சொல்லுக்குக் கட்டுப்பட்டவரா? அன்றெனின் அதனைச் சொல்லாதிருப்பதே நேர்மை.

விருந்து அலுவலகத்துக்குப் புறம்பானது, அங்கு நடப்பதைப் பெரிதுபடுத்தலாகாது என்ற வாதமும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. பெண் ஊழியர்களிடம் எல்லை மீறுவோர் பெரும்பாலும் இதன் பின்னேயே ஒளிந்துகொள்கின்றனர். சர்வதேசத் தொழில் தாபனம் 2019இல் நிறைவேற்றிய 190ஆம் இலக்கச் சமவாயம், தொழிலோடு தொடர்புடைய வைபவங்களையும் சமூக ஒன்றுகூடல்களையும் தொழில் உலகின் பகுதியாகவே கொள்கின்றது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் மாற்றியமைக்கப்பட்ட 345ஆம் பிரிவும் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியுள்ளது. எனினும் ஆடுவதற்கு அழைக்கும் கையை மறுத்தால் வருடாந்த மதிப்பீட்டில் என்ன எழுதப்படுமோ என்ற அச்சத்தைச் சட்டம் நீக்கிவிடுவதில்லை. அதிகாரமுள்ளவர் அழைக்காதிருப்பதே அதனை நீக்கும்.

உடைக்கு வருவோம். 2019 மே மாத இறுதியில் இலங்கையின் பொது நிருவாக அமைச்சு, அரச அலுவலகங்களிற் பெண்கள் சேலை அல்லது ஒசரி அணியவேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தபோது, அது முஸ்லிம் பெண்களைப் பாதிப்பதாகக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. எழுதப்பட்ட விதியாயின் அதனை எதிர்க்கலாம். விருந்துக்கான உடைவிதியோ எழுதப்படுவதில்லை. இவ்வருடம் எல்லோரும் ஒரே நிறத்தில் வருவோம் என்று ஒருவர் உற்சாகமாகக் கூறுவார், எல்லோரும் தலையசைப்பர். பல சேலைகள் உடையவருக்கு அது விளையாட்டு. தேநீர் பரிமாறும் பெண்ணுக்கோ அது கடன் வாங்கவேண்டிய செலவு. அவர் வராமல் நின்றுவிட்டால் 'கலகலப்பில்லாதவர்' என்ற பெயரும் கிட்டும். நன்றாக உடுத்துதல் என்பதைத் தன் தோற்றம் பற்றிய அக்கறையாக மட்டும் கொள்ளுதல் குறையுடைத்து. தன் உடை அருகிலிருப்பவரை அவருடைய உடைபற்றி வெட்கமுறச் செய்கின்றதா என்பதும் அதனுள் அடங்கும். ஆள் பாதி ஆடை பாதி என்று கூறிய சமூகம் மற்றப் பாதியையும் மறந்துவிடவில்லை.

இளைய பிளினியின் கடிதமொன்று இவ்விடத்து நினைக்கத்தக்கது. விருந்தினரைத் தரம் பிரித்து மூவகை மது வழங்கிய ஒருவரை அவர் கண்டிக்கின்றார். தம் இல்லத்தில் அனைவர்க்கும் ஒன்றே பரிமாறப்படும் என்றும், அதனாற் செலவு கூடுவதில்லை என்றும், விடுதலை பெற்ற அடிமைகள் அருந்துவதையே தாமும் அருந்துவதாகவும் கூறுகின்றார். (தம்மைப் பற்றி நல்லது சொல்லப் பிளினி ஒருபோதும் தயங்கியவரல்லர், எனினும் செய்தி நன்று.) அவரே சட்டர்னாலியாவின்போது, தம் மாளிகையின் ஒதுக்கான அறையொன்றுக்குட் சென்றுவிடுவதாகவும் எழுதியுள்ளார். தம் படிப்புக்கு இடையூறின்றியும், வீட்டாரின் களிப்புக்குத் தாம் இடையூறாகாமலும் இருப்பதற்காம். இதனைச் சிலர் செருக்கென்பர். தம் பிரசன்னமே பிறருக்குச் சுமையாகும் என்பதை உணர்ந்த அதிகாரிகள் மிகச் சிலரே.

மேசையில் மரக்கறி உணவு தனியே வைக்கப்பட்டுள்ளதா, மது வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்கப்படுகின்றதா என்பனவும் இவ்வகைப்பட்டனவே. விருந்து முடியும் நேரமும் அவ்வாறே. பிரதம அதிதி எழும்வரை பிறர் எழுதல் மரபன்று. அவருக்கு வாசலிற் கார் காத்திருக்கின்றது. நகருக்கு வெளியே வாழும் லிகிதரோ, கடைசி பஸ் எப்போது புறப்படும் என்பதை எண்ணியவாறு, சிரித்த முகத்துடன் கைதட்டிக்கொண்டிருக்கின்றார்.