பாவசங்கீர்த்தனமும் ஆலோசனையும்

"மனசு சரியில்லையா? கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வா." ராயபுரம் கல்மண்டபத்து அம்மாக்கள் சொல்லும் இந்த மருந்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டுக்கும், குடியில் கரையும் வீட்டுக்கும் பயிற்சி பெற்ற ஒரு காதும் வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம். ராயபுரத்தில் ரயிலேறி, கடற்கரை நிலையத்தில் மாறினால் நுங்கம்பாக்கம். அங்கே 1925-ல் இயேசு சபையினர் தொடங்கிய லயோலா கல்லூரியில் ஆலோசனை உளவியலை முதுகலையில் படிக்கலாம்.

பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்த பிள்ளை அங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். பாவசங்கீர்த்தனக் கூண்டில் கேட்டதைக் குருவானவர் எந்த நிலையிலும் வெளியே சொல்லக் கூடாது. அது திருச்சபைச் சட்டம். ஆலோசகரும் ரகசியம் காப்பவர்தான். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உரியவரிடம் சொல்லியே ஆகவேண்டும். குருவானவர் மன்னிப்பு வழங்குவார். ஆலோசகர் மன்னிப்பதுமில்லை, தீர்ப்பிடுவதுமில்லை. வந்தவரை வந்தபடியே ஏற்பதுதான் முதல் வேலை என்றார் கார்ல் ராஜர்ஸ். நியூயார்க்கில் இறையியல் படிப்பை விட்டு உளவியலுக்கு வந்தவர் அவர்.

பெற்றோரே, பிள்ளை இதைப் படிக்கக் கேட்டால், "பைத்தியத்துக்கா படிக்கப் போற?" என்று தடுக்காதீர்கள். நம் பேச்சும் நம் கடலும் தெரிந்த ஆலோசகர் நம் தெருவிலேயே வேண்டும். இப்போதே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.